‘நமக்காக மரித்தார்’: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் கடந்து, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். 16 வருடம் ஆகிறது. முதல் வருடம் லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், நான் சொன்னது இதுதான்: “நாம செஞ்ச பாவத்துக்குக் கடவுளுக்குக் கடுங்கோபம். நம்மள அடிக்க வேண்டியவர், நமக்குப் பதிலா இயேசுவ அடிச்சிட்டார்.”

வகுப்பு முடிந்தும் ஒரு பையன் மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. “டீச்சர், எங்கப்பா குடிச்சிட்டு எங்கள அடிக்க வந்தா, எங்கம்மா குறுக்க வந்து அடிய வாங்கிக்குவாங்க. அது மாதிரியா?” என்று கேட்டான்.

எனக்கு வார்த்தையே வரவில்லை. மலை இறங்கும் வரை அந்தக் கேள்வியே மனதில் ஓடியது. பரலோகப் பிதாவுக்கு எந்த முகத்தை அந்தப் பிள்ளையின் நெஞ்சில் வரைந்துவிட்டு வந்திருக்கிறேன்! அதற்குப் பிறகு பாடத்தை மாற்றி மாற்றி, இப்போது நான்கு ஞாயிறாகப் பிரித்து நடத்துகிறேன். இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு சிலுவையைப் பற்றிப் பேச வேண்டாம். வீட்டில் அடகுக்குப் போய் வந்த ஒரு நகையை எடுத்துப் போங்கள். நான் எடுத்துப் போவது அம்மாவின் வெள்ளிக் கொலுசு. எனக்குப் படிப்புக்குப் பணம் கட்ட அதைச் செவ்வாய்பேட்டையில் வைத்தார்கள். மீட்பதற்கு அப்பா ஒன்றரை வருடம் விசைத்தறியில் ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்தார். கடையில் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்பு நூல் இன்னும் கொக்கியில் இருக்கிறது. அம்மா அதை அவிழ்க்கவே இல்லை. கொலுசைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் அதைக் குலுக்கிப் பார்க்கட்டும், அவசரம் இல்லை. அப்புறம் கேளுங்கள்: கடையில் இருந்த ஒன்றரை வருடமும் அது யாருடைய கொலுசு? “உங்கம்மாவுடையது” என்பார்கள். அது தானாக எழுந்து வீட்டுக்கு வந்திருக்குமா? சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு மாற்கு 10:45-ஐ வாசியுங்கள்: அநேகரை மீட்கும் பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க வந்தார். மீட்பு, மீட்பர் என்று கோயிலில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சொல், அடகுக்கடைப் பக்கம் போய் வந்த வீட்டுப் பிள்ளைக்கு அன்றுதான் உயிரோடு நிற்கும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அடுத்த நிமிடமே கேட்கும்: “அப்போ இயேசு யாருகிட்ட பணம் கட்டினாரு? சாத்தான்கிட்டயா?” தடுமாற வேண்டாம். நான்காம் நூற்றாண்டிலேயே ஆதிச் சபையின் ஆயர் நசியான்சு கிரகோரியார் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். சாத்தானுக்கு என்று சொல்வது அவமானம். பிதாவுக்கு என்றால், ஆபிரகாம் பலியிட வந்த மகன் ஈசாக்கையே ஏற்காதவர் தம் குமாரனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்று அவர் கேட்டார். உவமைக்கு ஓர் எல்லை உண்டு. கொலுசு சொல்வது இரண்டுதான்: அடகில் இருந்தாலும் நாம் அவருடையவர்கள், மீட்க அவருக்கு விலை ஆயிற்று. அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

இரண்டாம் ஞாயிறு ஆடு. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் பாவநிவிர்த்தி நாள் வருகிறது. வருடத்துக்கு ஒரு நாள், இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள், சீட்டுப் போடுவார்கள். ஒன்று கர்த்தருக்குப் பலி. இன்னொன்றின் தலையில் பிரதான ஆசாரியன் ஆரோன் இரண்டு கையையும் வைத்து ஜனங்களின் பாவங்களை எல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்புவான். நம் வேதாகமத்தில் அதற்குப் ‘போக்காடு’ என்று பெயர். ஆடி மாதம் கிடா வெட்டு பார்க்காத பிள்ளை நம் பக்கம் இல்லை, அதனால் பலி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் வழிபாட்டை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். நம் பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகளோடுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இந்தப் பாடத்தில் எனக்கே ஒரு பையன் சொல்லித் தந்தது உண்டு. தினமும் ஆடு மேய்க்கிறவன். போக்காடு கதையைக் கவனமாகக் கேட்டுவிட்டு, “ஆட்ட காட்டுல விட்டா சாயங்காலம் பட்டிக்குத் திரும்பி வந்துரும் டீச்சர். பாவமும் கூடவே வந்துருமே?” என்றான். வீட்டுக்குப் போய் அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். அதற்கென்று ஓர் ஆளை நியமித்து, குடியில்லாத தேசம் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறது! அப்படியும் அடுத்த வருடம் புதிதாக இரண்டு ஆடு வேண்டும். எபிரெயர் 10-ஆம் அதிகாரம் பேசுவது இதைத்தான்: வருஷந்தோறும் செலுத்தியும் தீரவில்லை, ஆடுமாட்டு இரத்தம் பாவத்தை நீக்காது, கிறிஸ்து ஒரேதரம் தம்மையே கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் கேள்வியை நானே வகுப்பில் போடுகிறேன்: ஆடு திரும்பி வந்தால்? பதிலை அவர்களே தேடட்டும். தேடி முடித்ததும் யோவான் 1:29, இயேசுவைக் காட்டிச் சொன்னது. “இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவஆட்டுக்குட்டி.” சுமந்து, தீர்க்கிற என்ற இரண்டையும் பிரித்து வாசியுங்கள்.

அன்றைக்கே லேவியராகமம் 17:11-ஐயும் காட்டிவிடுங்கள். பலிபீடத்து இரத்தத்தை ஜனங்களுக்குக் கொடுத்ததே தாம்தான் என்று கடவுள் அங்கே சொல்கிறார். கோபக்காரரைச் சமாதானப்படுத்த மனிதன் கண்டுபிடித்த லஞ்சம் அல்ல அது. வழி அவர் பக்கத்திலிருந்து வந்தது.

மூன்றாம் ஞாயிறுதான் சிலுவை. என் பழைய தவறைத் திருத்துகிற நாளும் அதுதான். மூன்று வசனம் போதும். யோவான் 10:18: தம் ஜீவனை ஒருவனும் பறிக்கவில்லை, தாமே கொடுக்கிறதாக இயேசு சொல்கிறார். 2 கொரிந்தியர் 5:19: தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்துதான் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார். லூக்கா 23:34: “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்.” பிதா ஒரு பக்கம், குமாரன் எதிர்ப்பக்கம் என்று படம் வரையாதீர்கள். அந்தப் பையனுக்கு அடுத்த வாரம் நான் சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறேன்: “இல்ல கண்ணு. அடிக்க வந்தவர் கடவுள் இல்ல. குறுக்க வந்து நின்னவர்தான் கடவுள்.”

இதோடு இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அவன் அம்மா வாங்குகிற அடி பலி அல்ல. கடவுள் அதைக் கேட்கவும் இல்லை. அது நிற்க வேண்டும். இந்தப் பாடத்தில் இப்படி ஒரு பிள்ளை வாய் திறந்தால், ஜெபம் பண்ணி அனுப்பிவிடாதீர்கள். தனியாக உட்கார்ந்து கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

திடப்படுத்தலுக்கு (சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்குக்கு) ஆயத்தமாகும் பெரிய பிள்ளைகள் ஏசாயா 53-ஐ எடுத்து, கர்த்தர் அவரை நொறுக்கச் சித்தமானார் என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். மழுப்பாதீர்கள். பாவத்தின் மேல் தேவனுடைய தீர்ப்பு உண்மை. அந்தத் தீர்ப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர் பிதாவோடு ஒரே சித்தமுள்ளவர் என்பதும் உண்மை. சிலுவையை விளக்கும்போது ஆதிச் சபை கிறிஸ்துவின் வெற்றியை முன்னே வைத்தது, பதினோராம் நூற்றாண்டில் இறையியலாளர் ஆன்செல்ம் தீர்க்க வேண்டிய கடனாகப் பார்த்தார், லூத்தர், கால்வின் போன்ற சீர்திருத்தக்காரர்கள் நமக்குப் பதில் ஏற்ற தண்டனையாகப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு இந்த அளவு போதும்.

நான்காம் ஞாயிறு, பெரிய வெள்ளிக்கு முன்னால். பாவங்களைத் தாளில் எழுதிச் சிலுவையில் ஆணியடிக்கச் சொல்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. நான் விட்டுவிட்டேன். ஒரு முறை ஒரு பெரியவர் தாளை எடுத்துப் படித்து, விஷயம் வீடு வரைக்கும் போய், ஒரு பெண்பிள்ளை அப்புறம் வகுப்புக்கே வரவில்லை. பாவ அறிக்கை அவர்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் மௌனமாக இருக்கட்டும், இரண்டு நிமிடம்.

பிறகு, அநியாயமாகப் பணம் சேர்த்த வரி வசூலிப்பவன் சகேயு கதை. இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் எடுத்ததை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான்; திருப்பித் தந்ததால் வரவில்லை. இந்த வரிசையைப் பிள்ளைகள் மாற்றிப் புரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேவியராகமம் 6-இல் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்று கணக்கே இருக்கிறது. கரும்பலகையில் போடுங்கள்: ஐந்து எடுத்தால் ஆறு. போன வருடம் இந்தக் கணக்கைப் போட்டதும் இரண்டாம் வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கோயிலுக்குப் பக்கத்து வீட்டு அம்மா வந்து, வாசப்படியில் யாரோ ஆறு பட்டர் ஃப்ரூட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார்.