ஐ.டி. படிக்கிறீர்களா? உங்களுக்கேற்ற வேலை எது என்று ஒரு குட்டி ப்ராஜெக்ட் செய்து கண்டுபிடிக்கலாம்

முதல் வருடத்தில் நெட்வொர்க், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பாடங்கள் தனித்தனியாக வந்து விழும். எது எந்த வேலைக்கு உதவும் என்பது மட்டும் பிடிபடாது. பாடப் பட்டியலை முறைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, இதைச் செய்து பாருங்கள்.

படி 1: ஒரு பக்கத்தைப் பின்தொடருங்கள்

பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஏதாவது ஒரு தளத்தை ரீலோட் செய்யுங்கள். சரசரவென்று வரிகள் இறங்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண் இருக்கும்: 200 என்றால் கேட்டது கிடைத்தது, 404 என்றால் அப்படியொன்று அங்கே இல்லை, 500 என்றால் சர்வர் பக்கம் கோளாறு. தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக, அதாவது சர்வரின் எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். பாதுகாப்பான இணைப்பு வழக்கமாக 443ஆம் போர்ட் (சர்வரின் எண்ணிட்ட வாசல்) வழியே போகிறது. இந்தப் பாதையைப் பார்த்துக்கொள்பவர் நெட்வொர்க் இன்ஜினியர். திரையில் தெரிவதை எழுதுபவர் ஃப்ரன்ட் எண்ட் டெவலப்பர். சர்வரில் ஓடுவதை எழுதுபவர் பேக் எண்ட் டெவலப்பர்.

படி 2: நீங்களே ஒன்று கட்டுங்கள்

நண்பர்களுக்கு இரவல் கொடுத்த புத்தகங்களின் கணக்கு போதும். பைத்தான் என்ற ப்ரோகிராமிங் மொழியை நிறுவினால், எஸ்.க்யூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸைப் பயன்படுத்தும் வசதியும் கூடவே வந்துவிடும், இரண்டும் இலவசம்.

புத்தகத்துக்கு ஒரு டேபிள், இரவலுக்கு ஒரு டேபிள் போடுங்கள். ஏன் இரண்டு? ஒரே டேபிள் என்றால், பத்து முறை இரவல் போன புத்தகத்தின் பெயரில் எழுத்துப்பிழை வந்தால் பத்து இடத்தில் திருத்த வேண்டும். தகவலை ஒன்றோடொன்று தொடர்புள்ள டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடல், எட்கர் காட் 1970இல் முன்வைத்தது, நடைமுறையில் இப்படித்தான் கைகொடுக்கிறது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரே ஒரு வரியை அழிக்கப் போய், டெலீட் கட்டளையில் எந்த வரி என்று சொல்லும் 'வேர்' (WHERE) நிபந்தனையை மறந்துவிட்டேன். மொத்த டேபிளும் காலி! அன்றிலிருந்து முதலில் 'பிகின்', அப்புறம்தான் டெலீட். தப்பாகப் போனால் 'ரோல்பேக்', சரியாக இருந்தால் 'கமிட்'. டிரான்ஸாக்‌ஷன் பாடம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

படி 3: கிட்டில் போடுங்கள்

ஃபைல்களில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் கருவிதான் கிட் (Git). லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல் வேலைக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. 'ஃபைனல்', 'ஃபைனல்2' என்று ஃபைலுக்குப் பெயர் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

படி 4: உடைக்கச் சொல்லுங்கள்

ஒரு நண்பரிடம் கொடுத்து, தாறுமாறாக எதையாவது உள்ளிடச் சொல்லுங்கள். தேதிக்கான இடத்தில் பெயர் வரும். பெயருக்கான இடம் காலியாக வரும். பெயருக்குள் ஒற்றை மேற்கோள் குறி வந்ததும் ப்ரோகிராம் திணறினால், எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷனுக்குக் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்: உள்ளிடுபவர் டேட்டாபேஸுக்கான கட்டளையையே உள்ளே நுழைத்துவிட முடியும். உள்ளீட்டை நேராகக் கட்டளையில் ஒட்டாமல், அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியாக அனுப்புங்கள்.

படி 5: எங்கே நேரம் போனதே தெரியவில்லை?

டேபிள் வடிவமைப்பில் என்றால் டேட்டாபேஸ், டேட்டா அனலிஸ்ட் பக்கம் போகலாம். உடைப்பதில் குஷி என்றால் டெஸ்டிங், சைபர் செக்யூரிட்டி. இதை வேறொரு கணினியில் ஏற்றி ஓடவைப்பது பிடித்தால் சிஸ்டம் அட்மின், டெவ்ஆப்ஸ். சரி, அந்தப் பிரிவில் பத்து வேலை விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் திறன்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த செமஸ்டரின் விருப்பப் பாடத்தை அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, கிட்டில் போட்ட ப்ராஜெக்டை கிட்ஹப் போன்ற தளத்தில் ஏற்றி, அந்த இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டால் சொல்ல, படி 4 கைவசம் இருக்கிறது.