சாசன ஆணையத்துக்கு நிற்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் தேர்தல் நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். மாசசூசெட்ஸில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் ஊர் சாசனத்தை, அதாவது ஊர் நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்று வகுக்கும் அடிப்படைச் சட்டத்தை, திருத்தும் ஆணையத்துக்கு நிற்கிறார். வழுவழு தாள், பாதிக்கு அவர் படம், மீதிக்கு அவர் பெயர். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சில வருஷங்களுக்கு முன்னால் நான் அடித்த நோட்டீஸும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது.

நேரத்துக்கு மனுவைக் கொடுங்கள், கதவு திறந்தால் சிரியுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

தனக்கு மட்டும் ஓட்டுக் கேட்பது

இந்தத் தேர்தலில் ஓட்டுச்சீட்டில் இரண்டு சங்கதிகள் இருக்கும். ஒன்று, சாசனத்தைத் திருத்த ஆணையம் அமைக்கலாமா என்ற கேள்வி. ஆம் அல்லது இல்லை. இன்னொன்று, வேட்பாளர் பட்டியல். அதில் ஒன்பது பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். கேள்வி தோற்றால் ஆணையமே கிடையாது. அப்புறம் நீங்கள் முதலாவதாக வந்தால் என்ன, கடைசியாக வந்தால் என்ன? கேள்விக்கு 'இல்லை' போட்டவரும் வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போடலாம். வினையே அங்கேதான்.

எங்கள் ஊரில் நடந்தது அதுதான். நானும் மனைவியும் இரண்டு மாதம் சனி, ஞாயிறு பார்க்காமல் வீடு வீடாக ஏறி இறங்கினோம். என் வேலை, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, இந்த ஊருக்கு வந்த கதை எல்லாம் சொன்னேன். கேள்வியைப் பற்றி மூச்சு விடவில்லை. தேர்தலன்று சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஓட்டுப் போட்டுவிட்டேன் என்றார். "அந்தக் கேள்விக்கு மட்டும் வேண்டாம்னு போட்டேன். எல்லாம் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?"

ராத்திரி எண்ணி முடித்தபோது நான் நான்காவது இடம். கேள்வி தோற்றிருந்தது. கல்யாணம் நின்றுபோன வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன்.

என் தோல்வி பெரிதில்லை. இன்றைக்கும் எரிச்சலாக இருப்பது வேறு. அந்தக் கேள்வியை ஓட்டுச்சீட்டில் ஏற்றவே பதிவான வாக்காளர்களில் 15 சதவீதம் பேர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் பனிக்காலத்தில் கடை வாசல்களில் நின்றார்கள். குளிரில் பேனா எழுதாது. ஒன்றை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே இன்னொன்றை நீட்டுவார்கள். அத்தனை பேர் உழைப்பும் ஒரே ராத்திரியில் போனது. வேட்பாளர்களாகிய நாங்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தோம். கேள்வியை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துவிட்டோம்.

ஆகவே நோட்டீஸில் முதல் வரி 'கேள்விக்கு ஆம் போடுங்கள்' என்று இருக்கட்டும். ஏன் என்பதற்கு உங்கள் ஊர்க் குறை ஒன்றைச் சொல்லுங்கள். பெயர் அதற்குக் கீழே வந்தால் போதும்.

தமிழ்ப் பள்ளி வாசலில் கையெழுத்து வேட்டை

வேட்புமனுவில் அந்த ஊரில் பதிவான வாக்காளர் கையெழுத்துதான் செல்லும். நம்மவர்கள் பாசமாகத்தான் போடுவார்கள். பார்த்தால் ஒருவர் ஹெச்1பி, ஒருவர் கிரீன் கார்டு, குடியுரிமை வாங்கியவர் பக்கத்து ஊர். போதாததற்கு இனிஷியல் வேறு. வாக்காளர் பட்டியலில் அப்பா பெயர் பின்னால் முழுநீளத்துக்குக் கிடக்கும். இவரோ ஊர்ப் பழக்கத்தில் முன்னெழுத்தோடு தமிழில் போட்டுவிடுவார். சரிபார்க்கிறவர்களுக்கு இது யார் என்றே தெரியாது. கேட்கும்போதே, பதிவான பெயரில் போடச் சொல்லுங்கள்.

வரியைக் குறைப்பேன் என்பது

சாசனத்தால் முடியாது. நகரங்களுக்கு உள்ளாட்சி உரிமை கொடுத்த 1966-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தமே வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலத்தின் கையில் நிறுத்திக்கொண்டது.

வார்டு மெம்பரை லேசாக நினைப்பது

எங்கள் மாநிலத்திலேயே இருக்கும் நியூட்டன் நகரைப் பாருங்கள். 2015-இல் ஆணையம் தேர்வானது. 24 பேர் கொண்ட நகர மன்றத்தை 12 ஆகக் குறைக்கலாம், அந்தந்த வார்டு மட்டும் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2017 நவம்பரில் வாக்காளர்கள் அந்தச் சாசனத்தைத் தோற்கடித்தார்கள். மன்றம் பெரிது என்று முணுமுணுக்கிறவரும் தன் வார்டு ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார். வாசலில் நின்று எண்ணிக்கை பேசும் முன் இதை யோசியுங்கள்.

சம்பளத்தை எதிர்பார்ப்பது

கிடையாது. ஆனால் ஆணையம் இறுதி அறிக்கை கொடுக்க 18 மாதக் கெடு உண்டு; அதுவரை சும்மாதான் உழைக்க வேண்டும்.

அந்தத் தம்பி ஏற்கெனவே இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்துவிட்டார். தூக்கிப் போட மனசில்லை. அதனால் இப்போது ராத்திரிகளில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து 'கேள்விக்கு ஆம்' என்ற ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இடம் வேறு இல்லாததால் அவர் நெற்றியிலேயே ஒட்டுகிறோம்.