நிதியுதவிக் கடிதத்தைக் காட்டிக் கூடுதலாகக் கேட்கும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை மே 1-க்குள் பதில் கேட்கின்றன. பிள்ளைக்கு இரண்டு மூன்று இடங்களில் அனுமதி கிடைத்திருந்தால், ஒரு கல்லூரியின் நிதியுதவிக் கடிதத்தைக் காட்டி இன்னொன்றில் கூடுதலாகக் கேட்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் நியாயமான கோரிக்கைகள்கூடத் தவறாகக் கேட்கப்பட்டதால் வீணாகின்றன.

முதல் தவறு, கடிதத்தின் அடியில் உள்ள மொத்தத் தொகையை அப்படியே நம்புவது. ஓர் உதாரணம்: முதல் கல்லூரியில் ஆண்டுச் செலவு 78,000 டாலர், 'உதவி' 38,500. இரண்டாவதில் செலவு 62,000, உதவி 22,000. முதலாவதுதான் தாராளம் என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள். அந்த 38,500-இல் 5,500 மாணவர் கடன். 3,000 பிள்ளை வளாகத்தில் வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது. திருப்பிக் கட்ட வேண்டாத பணம் 30,000 மட்டுமே. ஆக, முதல் கல்லூரிக்கு 48,000 ஆகிறது. முழுவதும் மானியமே தரும் இரண்டாவதற்கு 40,000. கடனை உதவி என்ற தலைப்பில் சேர்ப்பதே எனக்கு நியாயமாகப் படவில்லை. எந்தக் கடிதம் வந்தாலும் கடனையும் வேலையையும் முதலில் அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். உதவித்தொகை நான்கு ஆண்டுகளுக்கும் உண்டா, அதைத் தக்கவைக்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதையும் பாருங்கள்.

அடுத்தது, பொருந்தாத கடிதத்தைக் காட்டுவது. ஹார்வர்டு, யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் திறமைக்கென்று உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் தேவையை மட்டுமே பார்க்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணுக்காகத் தந்த தொகையை அங்கே காட்டிப் பயனில்லை. அதே தரத்திலுள்ள இன்னொரு பல்கலைக்கழகம் தேவையைக் கணக்கிட்டுக் கூடுதலாகத் தந்திருந்தால், அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

'அவர்கள் இவ்வளவு தருகிறார்கள், நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?' என்று சந்தையில் கேட்பதுபோல் எழுதுவதும் வேலைக்கு ஆகாது. குடும்ப நிலையில் என்ன மாறியது என்பதே அதிகாரிக்கு வேண்டும். மத்திய அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா (FAFSA) விண்ணப்பம் 2026-27 கல்வியாண்டுக்கு 2024-ஆம் ஆண்டு வருமானத்தையே பார்க்கிறது. 2025-இல் அப்பாவுக்கு வேலை போயிருந்தால் அது அதில் தெரியாது. இத்தகைய நிலைகளில் கணக்கைத் திருத்த நிதியுதவி அதிகாரிகளுக்குச் சட்டமே இடம் தருகிறது. 'மார்ச் மாதம் என் தந்தை வேலை இழந்தார். பணிநீக்கக் கடிதத்தையும் இப்போதைய வருமான விவரத்தையும் இணைத்துள்ளேன். ஆண்டுக்கு 8,000 டாலர் கூடுதலாகக் கிடைத்தால் உங்கள் கல்லூரியிலேயே சேர்வேன்' என்று பிள்ளையே எழுதினால் போதும். பக்கம் பக்கமாகத் தேவையில்லை. ஊரில் தாத்தா பாட்டிக்கு அனுப்பும் மருத்துவச் செலவையும் ரசீதுடன் குறிப்பிடலாம். ஏற்பது கல்லூரியின் விருப்பம்.

எச்-1பி விசாவில் இருக்கும் நம் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றோரைச் சார்ந்து எச்-4 விசாவிலுள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மானியமோ கடனோ கிடையாது. கல்லூரியின் சொந்த நிதியிலிருந்துதான் கேட்க வேண்டும்.

தொலைபேசியில் 'பார்க்கிறோம்' என்றதை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். திருத்திய கடிதம் கைக்கு வரட்டும். மே 1 நெருங்கியும் பதில் வரவில்லையென்றால், முடிவு தெரியும்வரை அவகாசம் வேண்டும் என்று அன்றே மின்னஞ்சலில் கேளுங்கள்.