மீன் விருந்துக்கு வைன் வாங்குறது எப்படி? மலையகத்துல முதல் தடவை வாங்குறவங்களுக்கு

வீட்டுல விசேசம் ஒண்ணு வருது, கல்யாண நாளா இருக்கலாம், புள்ளைக்கு கெம்பஸ் கெடச்சிருக்கலாம், நத்தாரா இருக்கலாம், ராவைக்கு நல்ல மீனா வாங்கி சமைச்சு பெரிய மேசையில எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடணும், கூட ஒரு வைன் போத்தலும் இருந்தா நல்லா இருக்கும்னு ஆசை. ஆனா கடைக்குப் போனா ராக்கையில இருக்குற பேரெல்லாம் பிரெஞ்சு, இத்தாலி, எதுவும் வெளங்காது, கடைசியில வெலை கூடினது நல்லதா இருக்கும்னு ஒரு ரெட் வைன தூக்கிட்டு வந்துடுவோம், அது மீன் கறியோட சேராது, காசும் போச்சு. இந்தப் பதிவு அப்படி மொத தடவ வாங்கப் போறவங்களுக்காக எழுதுறேன்.

ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க: வைன மீனுக்குப் பாத்து வாங்காதீங்க, அந்த மீன என்ன மாதிரி சமைக்கிறீங்களோ அதுக்குப் பாத்து வாங்குங்க. வெளிநாட்டுப் புத்தகத்துல மீனுக்கு வைட் வைன்னு எழுதிட்டு முடிச்சுருவாங்க, அவங்க மீன்ல உப்பும் பட்டரும் எலுமிச்சையும்தான் இருக்கும், நம்ம சட்டியில கொச்சிக்கா தூள், கொரக்கா, தேங்காப்பால், ரம்பை எல்லாம் இருக்குது, நாக்குக்கு முதல்ல தெரியறது அதுதான்.

படி 1: சட்டிய முடிவு பண்ணுங்க

என்ன மீன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டுக்கோங்க. ஒறைப்பு எவ்வளவு? புளிப்பு எவ்வளவு? தேங்காப்பால் இருக்கா? எண்ணெயில பொரிக்கிறீங்களா? இதுக்குப் பதில் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

ஒறைப்பான செவப்புக் கறின்னா (தோரா, பாரை எதுவா இருந்தாலும் சரி) ஆல்கஹோல் கொறஞ்ச, லேசா இனிப்பு இருக்குற வைட் வைன்தான் சரி. காரணம் இருக்குது. ஆல்கஹோல் கூடினா கொச்சிக்காவோட எரிச்சல் இன்னும் கூடித் தெரியும், 14 சதவீதம் இருக்குற வைன ஒறைப்புக் கறியோட குடிச்சா தொண்டை வரைக்கும் எரியும், அதே கறியோட 8, 9 சதவீதத்துல லேசான இனிப்போட இருக்குற ஜெர்மன் ரீஸ்லிங் ஒரு வாய் குடிச்சா எரிச்சல் அடங்கி மீனோட ருசி மேல வரும். வைன் உலகத்துல ஒறைப்புச் சாப்பாட்டுக்கு ரீஸ்லிங்க மிஞ்சின ஒண்ணு இல்லன்னே நான் சொல்லுவேன்.

கொரக்கா போட்ட அம்புல்தியல், புளி விட்ட கொழம்புன்னா, வைன்லயும் புளிப்பு வேணும். சாப்பாட்டவிட வைன் புளிப்பு கொறைவா இருந்தா அந்த வைன் சப்புன்னு தண்ணி மாதிரி ஆயிரும். நியூசிலாந்து மார்ல்பரோ பக்கத்துல இருந்து வர்ற சவிஞ்ஞோன் ப்ளாங்க் இதுக்கு நல்லா சேரும், பச்சையா, தேசிக்கா வாசத்தோட இருக்கும்.

தேங்காப்பால் கூடின வெள்ளைக் கறி, சொதின்னா கொஞ்சம் தடிப்பான வைட் வைன் கேக்கும். தென்னாப்பிரிக்கா செனின் ப்ளாங்க், இல்லன்னா ஓக் மரப் பீப்பாவுல ரொம்ப ஊறாத ஷார்டனே. ஓக் வாசம் கூடினதுன்னா நம்ம கறிவேப்பிலை, ரம்பையோட சண்டை போடும், அதனால லேபல்ல அன்ஓக்ட்னு (ஓக் பீப்பாவுல ஊறாததுன்னு அர்த்தம்) இருந்தா அதையே எடுங்க.

பொரிச்ச மீன், கட்லட், நெத்தலிப் பொரியல்னா யோசிக்கவே வேணாம், நொறையுற வைன். ப்ரொசெக்கோ, காவா இந்த ரெண்டு பேரையும் தேடுங்க. ஷாம்பேன் பிரான்ஸ்ல ஷாம்பேன் வட்டாரத்துல செய்யறது மட்டுந்தான், வெலை நம்ம கைக்கு எட்டாது, அது இல்லாமலே விசேசம் நல்லா நடக்கும். எண்ணெய்ப் பிசுக்க அந்த நொறையும் புளிப்பும் வாயில இருந்து கழுவி எடுத்துரும், அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே ருசிக்கும்.

அப்புறம் நம்ம மலைக்கே உரிய ஒண்ணு, ட்ரவுட். பிரிட்டிஷ்காரங்க காலத்துல நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகள்ல கொண்டு வந்து விட்ட மீன், இன்னும் இருக்குது. ட்ரவுட் கெடச்சா தயவு செஞ்சு மசாலா போட்டு மூடிறாதீங்க. உப்பு, மிளகு, பட்டர், கடைசியில தேசிக்கா புளி ரெண்டு சொட்டு, தோல் மொறுமொறுன்னு வர்ற வரைக்கும் தோசைக்கல்லுலயே வாட்டுனா போதும். இதுக்கு மட்டும் புத்தகம் சொல்றது அப்படியே பொருந்தும், இனிப்பில்லாத ட்ரை ரீஸ்லிங், இல்லன்னா பினோ கிரிஜியோ. காசல்ரீ, கொத்மலை பக்கம் குளத்து திலாப்பியா வாங்குறவங்களும் இதே மாதிரி செய்யலாம், மண்வாடை லேசா இருந்தா தேசிக்கா கொஞ்சம் கூடப் போடுங்க.

ரெட் வைன்தான் வேணும்னு வீட்டுல யாராவது அடம் பிடிச்சா? டானின் (வாய இழுக்குற துவர்ப்பு) கூடின தடிப்பான ரெட், கபர்னே சவிஞ்ஞோன், ஷிராஸ் இதெல்லாம் மீனோட வேணாம், வாயில இரும்பு நக்குன மாதிரி ஒரு ருசி வரும், மீன் வாடையும் தூக்கும். அந்த வாடைக்குக் காரணத்த 2009ல ஜப்பான் ஆய்வாளருங்க கண்டுபிடிச்சாங்க, வைன்ல இருக்குற இரும்புச்சத்து கூடக் கூட கடல் உணவோட சேரும்போது மீன் வாடை தூக்கலாத் தெரியுதுன்னு. லேசான பினோ நுவார், கெலவல்லாவ (டூனா மீன்) சுட்டோ வாட்டியோ செஞ்சா அதோட சேரும். இல்லன்னா ரோஸே, அதாவது ரோஸ் நெற வைன், அது ரெட்டுக்கும் வைட்டுக்கும் நடுவுல நிக்கிற ஆள், ஒறைப்பு கொஞ்சம் இருந்தாலும் தாங்கும்.

படி 2: எத்தனை போத்தல்

ஒரு போத்தல் 750 மில்லிலீட்டர், அஞ்சு கிளாஸ் வரும். குடிக்கிறவங்க ஆறு பேர்னா ஆரம்பத்துல நொறையுற வைன் ஒரு போத்தல், சாப்பாட்டோட வைட் ரெண்டு போத்தல், தாராளமா போதும். எல்லாருக்கும் எண்ணிக் கணக்குப் போடாதீங்க, பெரியம்மா குடிக்க மாட்டாங்க, மாமா இப்ப விட்டுட்டாரு, இதெல்லாம் முதல்லயே தெரிஞ்சு வச்சுக்கணும், வேணாம்னவங்களக் கட்டாயப்படுத்தவே கூடாது. நம்ம தோட்டங்கள்ல குடியால எத்தனை வீடு ஒடைஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியும், விசேச மேசையில ஒருத்தருக்கும் சங்கடம் வரக் கூடாது. குடிக்காதவங்களுக்கு எலிஃபண்ட் ஹவுஸ் ஜின்ஜர் பியர் நல்லா ஜில்லுன்னு அதே அழகான கிளாஸ்ல ஊத்திக் குடுங்க, உண்மையாவே மீன் பொரியலுக்கு அது ரொம்ப நல்லா சேரும்.

படி 3: எங்க, எப்ப வாங்குறது

முதல்ல கலண்டரப் பாருங்க. போயா நாள்ல நாடு முழுக்க மதுக்கடை பூட்டு, சூப்பர்மார்க்கெட்லயும் அந்தப் பகுதிய மூடி வச்சிருப்பாங்க. போயா இல்லாம வேற சில நாளும் பூட்டுவாங்க, அதனால விசேசத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வாங்கி வச்சுருங்க. வயசு 21 ஆகியிருக்கணும், சின்ன வயசுத் தோற்றம் உள்ளவங்க அடையாள அட்டைய மறக்காதீங்க.

சின்ன டவுன்ல வைன் ஸ்டோர்ஸ்னு போர்டு இருந்தாலும் உள்ள சாராயமும் பியரும்தான் கூட ஓடும், வைன் ஒரு மூலையில நாலஞ்சு போத்தல் தூசி பிடிச்சு நிக்கும். நுவரெலியா, கண்டி, பண்டாரவளை பக்கம் லைசன்ஸ் உள்ள பெரிய சூப்பர்மார்க்கெட்ல வகை கூட இருக்கும், சரக்கும் சீக்கிரம் ஓடும், அதுதான் முக்கியம். கொழும்புல இருந்து யாராவது வர்றாங்கன்னா அவங்ககிட்ட சொல்லி விடலாம், ஆனா கார் டிக்கியில வெயில்ல வச்சுக் கொண்டு வராம காலடியில நெழல்ல வச்சுக் கொண்டு வரச் சொல்லுங்க. வெளிநாட்டுல வேலை பாத்துட்டு வர்றவங்க கட்டுநாயக்காவுல டியூட்டி ஃப்ரீல அனுமதிச்ச அளவுக்குள்ள வாங்கிட்டு வந்தா வெலை நல்லாவே கொறையும், ஏன்னா இங்க வைன் வெலையில பெரும் பங்கு வரிதான்.

படி 4: போத்தலக் கையில எடுத்துப் பாருங்க

இதுக்கு நேரம் எடுங்க, வெக்கப்பட வேணாம். காசு குடுக்குறது நீங்க.

கலால் திணைக்கள ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வச்சுட்டு வந்துருங்க. அப்புறம் கழுத்தப் பாருங்க. வைன் மட்டம் மத்தப் போத்தலவிட கீழ எறங்கியிருக்கா, தக்கை மேல தள்ளி நிக்கிதா, மூடிக்குக் கீழ பிசுபிசுன்னு ஒழுகின அடையாளம் இருக்கா? இருந்தா அது சூடு பட்ட போத்தல். போத்தல வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க, சின்ன வயசு வைட் வைன் வெளிர் மஞ்சளா, கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி தெளிவா இருக்கணும், தேத்தண்ணி நெறத்துக்குப் போயிருந்தா காத்துப் பட்டுக் கெட்டுப் போச்சு. கண்ணாடி அலமாரியில டியூப் லைட்டுக்கு நேர் கீழ நிக்கிறத எடுக்காதீங்க, பின்னால இருக்குறத எடுத்துத் தரச் சொல்லுங்க, வெள்ளைக் கண்ணாடிப் போத்தல்ல இருக்குற வைன வெளிச்சம் சீக்கிரம் கெடுக்கும். திருகுற மூடி போட்டது மட்டமானதுன்னு நெனைக்காதீங்க, நியூசிலாந்துல நல்ல வைனே பெரும்பாலும் அந்த மூடியிலதான் வருது, தக்கை திறக்கிற சாமான் வீட்டுல இல்லாதவங்களுக்கு அதுவே வசதி.

லேபல்ல மூணு விசயம் போதும். வருசம்: நம்ம வாங்குற வெலையில உள்ள வைட் வைன் ரெண்டு மூணு வருசத்துக்குள்ள குடிக்க வேண்டியது, பழசு நல்லதுன்ற கதை இதுக்குப் பொருந்தாது. ஆல்கஹோல் சதவீதம்: ஒறைப்புக்கு 12க்கு மேல போகாதீங்க. மூணாவது இனிப்பு, இங்கதான் எல்லாரும் குழம்புவாங்க. ட்ரைன்னா இனிப்பில்லாதது. ஆனா நொறையுற வைன்ல ப்ருட்னு போட்டிருந்தா லீட்டருக்கு 12 கிராமுக்குக் கொறைவான சீனி, எக்ஸ்ட்ரா ட்ரைன்னு இருந்தா அது ப்ருட்டவிட இனிப்பு கூட, 12ல இருந்து 17 கிராம் வரைக்கும். டெமி செக்னா 32க்கு மேல, நல்ல இனிப்பு. பொரியலுக்கு ப்ருட், ஒறைப்பு கூடின மீன் டெவலுக்கு எக்ஸ்ட்ரா ட்ரை. ஜெர்மன் போத்தல்ல ட்ரொக்கன்னு இருந்தா இனிப்பில்ல, ஹால்ப்ட்ரொக்கன்னா லேசா இனிப்பு.

படி 5: ஜில்லுன்னு ஆக்குறது

ரெட் வைன ரூம் வெப்பத்துல குடிக்கணும்னு சொல்லுவாங்களே, அது நுவரெலியா வீட்டுக்கு அப்படியே சரி. டவுன் 1,868 மீட்டர் உயரத்துல இருக்குது, சராசரி 16 டிகிரி அளவு, பினோ நுவார மேசையில வச்சாலே போதும். பதுளை மாதிரி எறக்கத்துல இருக்குறவங்க ரெட்டக்கூட அரை மணித்தியாலம் ஃப்ரிஜ்ல வச்சு எடுங்க. வைட் வைனுக்கு 8ல இருந்து 10 டிகிரி வேணும், நொறையுறதுக்கு இன்னும் கொஞ்சம் கொறைவா, அதுக்கு நம்ம குளிரும் பத்தாது, ஃப்ரிஜ்ல மூணு மணித்தியாலம் வைக்கணும். மறந்துட்டீங்கன்னா ஒரு வாளியில பாதி ஐஸ் பாதி தண்ணி, ரெண்டு கை உப்பு, போத்தல கழுத்து வரைக்கும் முக்கி வச்சா 20 நிமிசத்துல சரியாயிரும். ஃப்ரீசர்ல வச்சுட்டு மறந்தா போத்தல் வெடிக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க.

படி 6: நொறையுற வைனத் திறக்கிறது

போத்தல ஆட்டாதீங்க, அது விளையாட்டு மைதானத்துல செய்யற வேலை. உள்ள இருக்குற அழுத்தம் கார் டயர்ல இருக்குறதவிட ரெண்டு மடங்குக்கு மேல, மலையில வெளிக் காத்தழுத்தமும் கொறைவு, அதனால தக்கை இன்னும் வேகமாக் கெளம்பப் பாக்கும். நல்லா ஜில்லுன்னு இருந்தாதான் திறக்கணும். மேல சுத்தியிருக்குற தாளப் பிரிங்க, கம்பிக்கூட்டத் தளத்துங்க, தளத்துன நிமிசத்துல இருந்து பெருவெரல தக்கை மேலயே வச்சுருங்க, ஒரு நொடி கூட எடுக்காதீங்க. ஒரு துண்டால தக்கையோட சேத்துப் பிடிச்சு, போத்தல 45 டிகிரிக்கு சாய்ச்சு, யாரோட முகத்துக்கும் லைட்டுக்கும் நேரா இல்லாம திருப்பி, தக்கைய அசைக்காம போத்தலோட அடிய மெதுவாத் திருப்புங்க. தக்கை தானா தள்ள ஆரம்பிக்கும், நீங்க எதிர்ப்பக்கம் அமுக்கி மெல்ல விடுங்க, புஸ்ஸுன்னு சின்னச் சத்தம் வந்தா சரி. கிளாஸ சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு தடவையா ஊத்துங்க.

வைட் வைன கிளாஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, வாசம் சேர எடம் வேணும், சூடாகுறதுக்கு முன்னாடி குடிச்சும் முடியும். முதல்ல ஒரு வாய் மீன், அப்புறம் ஒரு வாய் வைன், அப்புறம் திருப்பியும் மீன். அந்த ரெண்டாவது வாய் மீன் முதல் வாயவிட நல்லா இருந்தா நீங்க சரியாத் தேர்ந்தெடுத்திருக்கீங்க.

வாகனம் ஓட்டிட்டுத் திரும்பிப் போறவங்களுக்கு ஊத்தாதீங்க, நம்ம வளைவு ரோட்டும் ராத்திரி மூடுபனியும் தெரிஞ்சதுதானே, ராவைக்கு தங்கச் சொல்லிப் பாயப் போட்டுக் குடுங்க.

மிச்சம் இருந்தா மூடிய இறுக்கி ஃப்ரிஜ்ல வைங்க, வைட் மூணு நாள் வரைக்கும் நல்லா இருக்கும். நொறையுறதுக்கு கரண்டி போட்டு வச்சா நொறை நிக்கும்னு சொல்றது வேலைக்காகாது, அதுக்குன்னு இருக்குற மூடி இருந்தா அடுத்த நாள் வரைக்கும் தாங்கும். நொறை போனாலும் கொட்டாதீங்க, மறுநாள் மீன அவிக்கும்போது இஞ்சி, பூண்டோட அரை கிளாஸ் ஊத்துங்க, ஆனா டெமி செக் மாதிரி இனிப்பு கூடினத மட்டும் ஊத்தாதீங்க.