ஸ்மார்ட்வாட்சுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால்

கடிகாரம் நனைந்தவுடன் அது இன்னும் வேலை செய்கிறதா என்று பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதும், திரை அணைந்திருந்தால் அவசரமாகச் சார்ஜரில் வைப்பதும் பலருடைய வழக்கம். பிழைத்திருக்கக்கூடிய கடிகாரங்களும் இதனால்தான் பழுதாகின்றன. ஈரத்தோடு மின்சாரமும் சேரும்போது சர்க்யூட் போர்டின் உலோகத் தடங்கள் மிக விரைவாக அரிக்கப்படும்.

முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒலி மட்டும் அடைத்தாற்போல் கேட்டால், அது பெரும்பாலும் ஸ்பீக்கர் துளையில் தங்கிய நீர்தான். ஆப்பிள் வாட்ச், சாம்சங் கேலக்ஸி வாட்ச் போன்றவற்றில் நீர்ப்பூட்டை (நனையும்போது திரை தொடுகையை ஏற்காமல் பூட்டி வைக்கும் Water Lock வசதி) விடுவித்தால் ஸ்பீக்கர் அதிர்ந்து அந்நீரை வெளியே தள்ளும். துளைக்குள் ஊசியையோ அழுத்தக் காற்றையோ செலுத்த வேண்டாம், ஏனெனில் நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு அதனால் கிழிந்துவிடக்கூடும்.

கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்தாலோ, தொடாமலே திரை தானாக இயங்கினாலோ, நீர் கடிகாரத்தின் உடலுக்குள் நுழைந்திருக்கலாம். திரையின் மேல் துளிகள் இருந்தாலும் அது தானாக இயங்குவதுண்டு என்பதால், துடைத்த பின்பும் அப்படியே இருக்கிறதா என்று கவனியுங்கள். ஐயம் தீராவிட்டால் கடிகாரத்தை அணைத்து, பட்டையைக் கழற்றி, மென்துணியால் ஒற்றியெடுங்கள். நனைத்தது கடல் நீரோ சோப்பு நீரோ என்றால், கண்ணாடியில் விரிசல் இல்லாத நிலையில் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசிய பின்னரே உலர்த்த வேண்டும், ஏனெனில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்து அரிப்பைத் தொடர்ந்து வளர்க்கும்.

அரிசிக்குள் புதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய உடலுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுப்பதில்லை, அதன் தூளோ துளைகளில் அடைத்துக்கொள்கிறது. ஹேர் டிரையரின் சூடு, நீர் புகாமல் காக்கும் பசையையே இளக்கிவிடும். காற்றோட்டமான நிழலில், அல்லது சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில், குறைந்தது இரண்டு நாட்கள் வைத்திருப்பதே நல்லது. அதுவரை சார்ஜ் செய்யக் கூடாது.

பின்பக்கத்து மின்முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு தெரிந்தால், அல்லது பனி மறையாவிட்டால், பழுதுபார்ப்பவரிடம் உடனே கொடுங்கள். உடலைத் திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் போர்டைச் சுத்தம் செய்வது அவர் வேலை. திரை மேலெழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அதை அழுத்தாமல், சார்ஜ் செய்யாமல், எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

கடிகாரத்தில் காணப்படும் 5 ஏடிஎம் (ஐந்து வளிமண்டல அழுத்தம்) என்ற குறியீடு, 50 மீட்டர் ஆழ நீரின் நிலையான அழுத்தத்தைச் சோதனையில் தாங்கியது என்பதைத்தான் சொல்கிறது. அவ்வளவு ஆழத்தில் நீந்தலாம் என்பதல்ல. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்களும் பசையும் காலப்போக்கிலும், உடலைத் திறக்கும்போதும் தளர்வதால், பழுதுபார்க்கத் திறந்த கடிகாரத்தை மறுபடி அழுத்தச் சோதனை செய்யும்வரை குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.