சித்திரை வெயிலிலும் எளிதில் உருகாத ஷேவிங் கிரீம்: வீட்டில் செய்யும் முறை

இணையத்தில் கிடைக்கும் பல செய்முறைகள் ஷியா பட்டரையும் (ஆப்பிரிக்க ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) தேங்காய் எண்ணெயையும் கலந்து அடித்தால் போதும் என்கின்றன. குளிர் நாட்டில் போதும்தான். ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் அந்தக் கிரீம் டப்பாவுக்குள் மறுபடி எண்ணெயாகிவிடுகிறது. அதனால் நான் கோகம் பட்டரைச் சேர்க்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் விளையும் கோகம் பழத்தின் விதையிலிருந்து எடுப்பது இது. சுமார் 40 டிகிரி வரை கெட்டியாக நிற்கும்.

தேவையானவை: கோகம் பட்டர் 40 கிராம், ஷியா பட்டர் 40 கிராம், தேங்காய் எண்ணெய் 20 கிராம், விளக்கெண்ணெய் 10 கிராம். பிளேடு வழுக்கிக்கொண்டு போவதற்குத்தான் விளக்கெண்ணெய், அதை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான பட்டரைக் கப்பில் அளந்தால் இடையில் காற்று நின்று ஒவ்வொரு முறையும் அளவு மாறும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதன் மேல் ஈரமில்லாத எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். முதலில் கோகம் பட்டர் மட்டும். அது முழுதும் உருகியதும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஷியா பட்டரைப் போட்டுக் கரையுங்கள். கடைசியாக எண்ணெய்கள் இரண்டும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். என்னை ரொம்ப நாள் அலைக்கழித்த படி இது. உருகிய கலவையை அப்படியே மேடையில் ஆறவிட்டால் கிரீமில் ரவை மாதிரி மணி மணியாக வரும். கலவை மெதுவாக ஆறும்போது, அதிகச் சூட்டில் உருகும் கொழுப்பு மட்டும் முந்திக்கொண்டு தனியாக உறைவதுதான் காரணம். அந்த மணிகள் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை என்றாலும் பிளேடுக்கு அடியில் உறுத்தும். ஆகவே வேகமாகக் குளிர வையுங்கள். அகலமான தட்டில் ஐஸ் தண்ணீர் விட்டு, கிண்ணத்தை அதில் இறக்கி, கரண்டியால் ஓரங்களை வழித்துக் கிளறிக்கொண்டே இருங்கள். கலவை பால் போல மங்கி, ஓரத்தில் கெட்டியாகத் தொடங்கியதும் வெளியே எடுங்கள். அதற்கு மேல் உறையவிட்டால் அடிக்க வராது. ஒருவேளை மணி வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். முழுவதுமாக உருக்கி, மறுபடி வேகமாகக் குளிர வைத்தால் சரியாகிவிடும்.

அப்புறம் ஹேண்ட் பீட்டரால் அடியுங்கள். கேக் கிரீம் போல வெளுத்து உப்பி வரும் வரை அடித்தால் போதும். மிக்ஸி வேண்டவே வேண்டாம். ஜார் சூடேறிக் கலவையை இளக்கிவிடும். வாசனை எண்ணெய் வேண்டுமென்றால் லாவெண்டர் பத்துச் சொட்டுக்குள் நிறுத்துங்கள். எலுமிச்சை எண்ணெய் கூடாது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகலாம். சில செய்முறைகளில் வரும் சமையல் சோடாவையும் நான் சேர்ப்பதில்லை. நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோடாவோ காரம். சவரம் செய்த முகத்தில் அது எரியும்.

இந்தக் கிரீமில் நுரை வராது, வழுக்கல்தான் இதன் வேலை. முகத்தை வெந்நீரில் கழுவி, ஈரத்தோடு பட்டாணி அளவு தேய்த்து, ஒரு நிமிடம் பொறுத்துச் சவரம் செய்யுங்கள். ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசர்தான் இதற்குப் பொருத்தம். மூன்று, நான்கு பிளேடு உள்ள கார்ட்ரிட்ஜில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். முதல் முறை பயன்படுத்துவோர் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். பரு அதிகம் வருபவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் சில நேரம் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் அதற்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் சேர்க்கலாம். கிரீம் சற்று மென்மையாக வரும்.

பின்சேர்க்கை 1: கற்றாழை ஜெல் கலக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்தக் கிரீமில் தண்ணீர் இல்லாததால்தான் பதப்படுத்தும் பொருள் இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கிறது. ஜெல் சேர்த்தால் ஈரம் புகுந்து பூஞ்சை பிடிக்கும், எண்ணெயோடு ஒட்டாமல் பிரிந்தும் போகும். ஈரக்கையை டப்பாவில் விடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். கற்றாழையைச் சவரம் முடிந்தபின் தனியாகத் தடவிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ரேசரைக் கழுவும் முன் பழைய துணியிலோ காகிதத்திலோ துடைத்துவிடுங்கள். தரையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதில் அலட்சியம் கூடாது, அந்த அளவுக்கு வழுக்கும்.