எல்பிடபிள்யூ ரிவ்யூவை எப்படிப் பார்ப்பது?

தெரு கிரிக்கெட்டில் பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர் என்பதால் "எல்பி கிடையாது" (எல்பி, அதாவது எல்பிடபிள்யூ, லெக் பிஃபோர் விக்கெட்: ஸ்டம்புக்குப் போகிற பந்தை உடம்பால் மறித்து அவுட் ஆவது) என்று முதலிலேயே பேசி முடித்துவிடுவோம். அதனாலோ என்னவோ, டிவியில் பந்து காலில் பட்டதும் கத்தத் தெரிகிறதே தவிர, அது ஏன் அவுட், ஏன் அவுட் இல்லை என்று கேட்டால் பலரும் முழிக்கிறோம். (பேட், பேட் என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அதனால் இங்கே கையில் இருப்பது மட்டை, காலில் இருப்பது பேடு.)

அம்பயரின் முடிவை எதிர்த்து ஒரு டீம் ரிவ்யூ கேட்டால், டிவி அம்பயர் ரீப்ளேயில் முதலில் நோ பாலா (செல்லாத பந்தா), மட்டையில் உரசியதா என்று பார்ப்பார். பேடுக்கு முன்னால் மட்டையில் பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்து, பந்து எங்கே பிட்ச் ஆனது, அதாவது தரையில் குத்தியது? லெக் ஸ்டம்புக்கு (பேட்ஸ்மேனின் முதுகுப் பக்கத்து ஸ்டம்ப்) வெளியே என்றால் நடு ஸ்டம்பையே பெயர்த்தாலும் அவுட் கிடையாது. இடக்கை பேட்ஸ்மேன்களுக்கு வலக்கை சுழல் பந்துவீச்சாளர் அஸ்வின் ரவுண்ட் தி விக்கெட் (பந்து போடும் கை ஸ்டம்பிலிருந்து தள்ளி இருக்கும் பக்கம்) வந்ததற்கு இது முக்கியமான காரணம். ஓவர் தி விக்கெட்டிலிருந்து (கை ஸ்டம்பை ஒட்டி இருக்கும் பக்கம்) போட்டால் ஸ்டம்புக்கு வரவேண்டிய பந்து பெரும்பாலும் லெக்குக்கு வெளியேதான் விழும். தரையில் குத்தாமல் வரும் ஃபுல்டாஸுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

காலில் பட்ட இடம் ஆஃப் ஸ்டம்புக்கு (மட்டைப் பக்கத்து ஸ்டம்ப்) வெளியே என்றால், ஷாட் ஆட முயன்றவர் தப்பிப்பார். மட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கடைசியாக ஸ்டம்ப். சண்டை வருவது இங்கேதான். அம்பயர் நாட் அவுட் கொடுத்திருந்தால், பந்தில் பாதிக்கு மேல் ஸ்டம்பில் பட்டால்தான் முடிவு மாறும்; சும்மா உரசிப் போனால் 'அம்பயர்ஸ் கால்', அவர் சொன்னதே நிற்கும். அதே பந்துக்கு அவர் விரலைத் தூக்கியிருந்தால் அவுட்! எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பந்து அதற்கப்புறம் எப்படிப் போயிருக்கும் என்பது கணிப்புதானே, சந்தேகத்தை அம்பயரிடமே விடுவது சரி என்பது என் கட்சி. நல்லவேளை, அம்பயர்ஸ் கால் வந்தால் ரிவ்யூ பறிபோகாது. தோற்கும் ரிவ்யூதான் கணக்கு: ஒரு இன்னிங்ஸுக்கு டெஸ்டில் 3, சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களில் 2. கேட்பதற்கு 15 விநாடிதான்.

பெயரில் லெக் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், உடம்பில் எங்கே பட்டாலும் செல்லும். 1999 அடிலெய்டு டெஸ்டில் மெக்ராத் போட்ட ஷார்ட் பால் எழும்பாமல், குனிந்த சச்சினின் தோளில் பட்டு எல்பிடபிள்யூ, ரன் 0. அப்போது ரிவ்யூவும் கிடையாது. எங்கள் வீட்டில் அதை இன்னும் யாரும் அவுட் என்று ஒப்புக்கொள்ளவில்லை.